சிறு மோட்டார் சைக்கிளின் பாட்டரி இறங்கிப்போவது ஏன்?

கட்டை வண்டியும் சைக்கிளும் முன்பு செய்துவந்த வேலைகளில் பெரும்பகுதியை இன்று கிராமங்களில் 100 ஸி.ஸி. அளவுள்ள சிறு மோட்டார் சைக்கிள் ஏற்றுக்கொண்டுவிட்டது. விடியுமுன் பாலைச் சங்கத்திற்குச் சேர்ப்பதும், பூவையும் காய்கறியையும் சந்தைக்குக் கொண்டுபோவதும், நள்ளிரவில் மும்முனை மின்சாரம் வரும் வேளையில் கிணற்றடிக்குச் சென்று பம்பு செட்டைப் போடுவதும், பயிர்க் கணக்கு எடுப்பதற்காகக் கிராம நிர்வாக அலுவலர் வயல்வெளிகளைச் சுற்றிவருவதும் பெரும்பாலும் இவ்வண்டியின் உதவியினாலேயே நடைபெறுகின்றன. எஞ்சின் எவ்வளவு நல்ல ஸ்திதியில் இருப்பினும், உள்ளங்கையில் அடங்கும் சிறு பாட்டரியொன்று இறங்கிவிட்ட காரணத்தால் வண்டி வீட்டு வாசலிலேயே நின்றுவிடுவதை நம் வாசகர்களில் அநேகர் அநுபவித்திருப்பார்கள்.

அத்தகைய சமயத்தில் பொதுவாக நடப்பது யாதெனில், "பாட்டரி போய்விட்டது" என்று மெக்கானிக் சொன்ன மாத்திரத்தில் புதிய பாட்டரி ஒன்றை வாங்கிப் பூட்டிவிடுவதேயாம். அது சில மாதங்கள் வேலை செய்யும். பிறகு அதுவும் இறங்கும். உடனே பாட்டரி செய்த கம்பெனியின் மீது பழி விழும். உண்மையில் பல வண்டிகளில் பாட்டரி குற்றவாளியன்று; வேறோர் உறுப்பின் குற்றத்திற்காகத் தண்டனை அடைந்ததேயாகும். அந்த உறுப்பைக் கண்டுபிடியாமல் வைக்கப்படும் ஒவ்வொரு புதிய பாட்டரியும் முந்தியதன் கதியையே அடையும். ஆகையால் பணத்தைச் செலவிடுமுன் விவசாயிகள் தாமே செய்து பார்க்கக்கூடிய சில பரிசோதனைகளை இங்கே விவரிக்க உத்தேசித்துள்ளோம்.

வண்டியின் மின்சார ஏற்பாடு

கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் கையாளுகிற விவசாயிக்கு இவ்வேற்பாடு புரியாததன்று. எஞ்சினுடன் சேர்ந்து சுழலும் காந்தச் சக்கரமும் அதற்குள் அமைந்த செம்புக்கம்பிச் சுருளும் பம்பு செட்டைப் போன்றவை. வண்டி ஓடும்போது மின்சாரத்தை உண்டாக்குபவை இவையே. இச்சுருளை மெக்கானிக்குகள் மாக்னெட் காயில் என்பார்கள். இதில் உண்டாவது திசை மாறிமாறி ஓடும் மின்சாரமாதலால் பாட்டரிக்கு நேராகச் செலுத்த முடியாது. அதை ஒரே திசையில் ஓடச்செய்வதும், அளவுக்கு மிஞ்சாமல் காப்பதுமாகிய இரு வேலைகளையும் ரெகுலேட்டர் என்னும் சிறு அலுமினியப் பெட்டி செய்கிறது. பாட்டரி தொட்டியைப் போன்றது. ஹாரன், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஸெல்ப் மோட்டார் ஆகியவை தொட்டியின் மடைகள்.

தொட்டியில் நீரில்லை என்றால் மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கமுடியும். தொட்டியே வெடித்திருக்கலாம், பம்பு நீர் இறைக்காமலிருக்கலாம், அல்லது எங்கோ ஒரு நண்டு வளை வழியாக நீர் கசிந்து போகலாம். பாட்டரி, சார்ஜ் ஏறுதல், ஒழுக்கு என்ற இம்மூன்றையும் தனித்தனியே பார்த்துவிட்டால் கோளாறு எங்கே ஒளிந்திருப்பினும் அகப்பட்டுவிடும்.

இத்தொட்டி மிகச் சிறியது என்பதை மறத்தலாகாது. கிக்கர் மட்டும் உள்ள சிறு வண்டிகளில் 12 வோல்ட், 2.5 ஆம்பியர் மணி அளவுள்ள பாட்டரியே பொதுவாக இருக்கும். ஸெல்ப் உள்ளவற்றில் சற்றுப் பெரிதாக இருக்கும். டிராக்டர் பாட்டரியுடன் ஒப்பிட்டால் இது குடத்தின் பக்கத்தில் வைத்த செம்பு. பின்புறத்து பிரேக் விளக்கின் பல்பு 21 வாட் கொண்டதானால் 1.75 ஆம்பியர் இழுக்கும். எஞ்சின் ஓடாதபோது அவ்விளக்கு ஒன்று மாத்திரம் எரிந்தாலும் 2.5 ஆம்பியர் மணி பாட்டரி ஒன்றரை மணி நேரத்திற்குள் காலியாகிவிடும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கருவியின்றிச் செய்யும் பரிசோதனை

முதலில் பாட்டரியின் இரு முனைகளையும் பார்க்கவேண்டும். அங்கே வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் மின்சாரம் தடைப்படும். சோடா உப்பு கரைத்த நீரால் கழுவித் துடைத்து, முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, திருகாணியை இறுக முடுக்கி, சிறிது வாஸ்லின் தடவவேண்டும். கழுவும் நீர் பாட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருத்தல் அவசியம். கறுப்பு ஒயர் வண்டிச் சட்டத்தில் சேருமிடத்தையும் அப்படியே சுத்தம் செய்க. பம்பு செட்டுக் குழாயின் கீழ் வண்டியை நிறுத்திக் கழுவும் பழக்கமுள்ளவர்கள் இவ்விடத்தில் துருவைக் காண்பார்கள். இவ்வளவோடு கோளாறு தீர்ந்துவிடும் வண்டிகளும் உண்டு.

அடுத்தது ப்யூஸ். அது எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ள வேறொன்றையே போடவேண்டும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதும் செம்புக் கம்பியைக் கட்டுவதும் அநேக இடங்களில் காணப்படும் துர்ப்பழக்கமாகும். ப்யூஸ் எரிவது எங்கோ ஒயர் பழுதுபட்டிருப்பதை அறிவிக்கும் எச்சரிக்கை. அந்த எச்சரிக்கையை வாயடைத்துவிட்டால் அடுத்தபடியாக எரிவது ஒயர்க் கட்டும், சிற்சில சமயங்களில் பெட்ரோல் டாங்கியின் அடியில் வண்டியுமாம். வைக்கோற்போர் அருகிலோ தானியக் கொட்டகையிலோ வண்டியை நிறுத்துபவர்கள் எலி கடித்த ஒயர்களைத் தேடிப் பார்க்கவேண்டும். ஸீட்டின் அடியும் ஹெட்லைட்டின் பின்புறமும் எலிக்கு உவப்பான இடங்கள்.

பின்னர் சாவியைத் திருப்பி ஹாரனை அடித்துப் பார்க்க. ஹாரன் கம்மி, இண்டிகேட்டர் விட்டுவிட்டு எரியாமல் மங்கி நின்றுவிட்டால் பாட்டரியில் மின்சாரம் குறைவு. பழைய மாதிரி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்கு மின்சாரம் பாட்டரியிலிருந்து வராமல் மாக்னெட்டிலிருந்தே வரும். அவற்றில் எஞ்சின் ஓடும்போது ஹெட்லைட் பிரகாசமாக எரிவதைக் கண்டு பாட்டரிக்கும் சார்ஜ் ஏறுகிறது என்று முடிவு செய்தல் தவறு.

திராவகமும் நீரும்

மூடியைத் திறந்து நீர் ஊற்றக்கூடிய பாட்டரியில் ஈயத் தகடுகள் நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் மூழ்கியிருக்கும். ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தரும். பக்கத்தில் போட்டுள்ள மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே திராவகம் நிற்கவேண்டும். சார்ஜ் ஏறும்போது நீர் மட்டுமே சிறுகச் சிறுகப் பிரிந்து வாயுவாக வெளியேறுமாதலால், குறைந்ததை ஈடுசெய்யக் காய்ச்சி வடித்த நீர் ஒன்றையே ஊற்றவேண்டும். கிணற்று நீரிலும் போர் நீரிலும் உள்ள உப்பும் இரும்பும் தகடுகளைக் கெடுத்துவிடும். திராவகம் ஊற்றினால் பாட்டரிக்குப் பலம் வரும் என்று சிலர் நம்புகின்றனர். அவ்வாறு செய்தால் திராவகம் கடுமையாகித் தகடுகள் அரிக்கப்பட்டு ஆயுள் குறையுமேயன்றி வேறு பயனில்லை.

எல்லா அறைகளிலும் நீர் அடிக்கடி வற்றுமானால் அளவுக்கு மிஞ்சி சார்ஜ் ஏறுகிறதென்று ஐயுறவேண்டும். ஓர் அறை மட்டும் வற்றினால் அந்த அறையே பழுது. பாட்டரியிலிருந்து வெளிவரும் வாயுக் குழல் நசுங்காமலும், அதன் முனை சங்கிலியின் மேல் திராவகம் சொட்டாமலும் இருக்கவேண்டும். வெளிவருவது தீப்பற்றக்கூடிய ஜலவாயு. ஆகையால் பீடியைப் புகைத்துக்கொண்டு மூடியைத் திறக்கலாகாது. திராவகம் கண்ணில் தெறித்தால் ஏராளமான சுத்த நீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டு உடனே வைத்தியரிடம் செல்க.

இப்போது பல வண்டிகளில் வருவது மூடி திறவாத, நீர் ஊற்றத் தேவையற்ற மாதிரி. இதைக் கத்தியால் நெம்பித் திறக்க முயல்வது பாட்டரியை அழிப்பதற்குச் சமானம்.

வோல்ட் மீட்டரைக் கொண்டு பார்த்தல்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டிலிருந்தால், மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமன்றி டிராக்டருக்கும் மருந்து தெளிக்கும் பாட்டரி ஸ்பிரேயருக்கும் பயன்படும். நேர்மின்சார வோல்ட் அளவில் வைத்து, சிவப்பு முனையைக் கூட்டல் குறியிட்ட முனையிலும் கறுப்பை மற்றதிலும் தொட்டுப் பார்க்கவேண்டும். வண்டியை ஓட்டி நிறுத்திய உடனே பார்த்தால் உண்மைக்கு மேற்பட்ட அளவு காட்டும். இராப்பொழுது சும்மா நின்றபின் காலையில் பார்ப்பதே சரி.

12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் காலியாகும் தறுவாயில் உள்ளது. நன்றாக சார்ஜ் ஏற்றி வைத்த பின்னும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றுவிட்டால் ஆறில் ஓர் அறை உள்ளுக்குள் ஒட்டிப்போயிற்று என்று தெரிந்துகொள்ளலாம்; அதைச் சீர்ப்படுத்த வழியில்லை. நிறைந்த அளவைக் காட்டியும் ஸெல்ப் பொத்தானை அழுத்தியவுடன் 9 வோல்ட்டுக்கும் கீழே விழுமாயின் அதுவும் மூப்படைந்த பாட்டரியே. பழைய 6 வோல்ட் வண்டிகளுக்கு இவ்வளவுகளைப் பாதியாகக் கொள்க.

பாட்டரி நல்லதென்று கண்டபின் சார்ஜ் ஏறுகிறதா என்பதைப் பார்ப்போம். எல்லாவற்றினும் முக்கியமான பரிசோதனை இதுவே. இதைச் செய்ய ஐந்து நிமிஷம் போதும். மீட்டரைப் பாட்டரி முனைகளிலேயே வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்பி, ஆக்ஸிலேட்டரை மெல்லத் திருகி, வண்டி சாலையில் செல்லும் வேகத்திற்குரிய ஓட்டத்தில் நிறுத்துக. முள்ளோ எண்ணோ 13.5 முதல் 14.8 வோல்ட் வரை ஏறி அங்கேயே நிற்கவேண்டும். ஸ்லோவில் இதைவிடக் குறைவாக இருப்பது இயல்பு.

எவ்வளவு திருகினும் எண் சிறிதும் உயராமல், எஞ்சின் நின்றிருந்தபோது காட்டிய அளவிலேயே இருந்தால் சார்ஜ் ஏறவில்லை. அதற்கு மாறாக 15 வோல்ட்டையும் தாண்டிச் சென்றால் ரெகுலேட்டர் தன் காவலைக் கைவிட்டது. பல்புகள் அடிக்கடி ப்யூஸாவதும் பாட்டரி கொதித்து நீர் வற்றுவதும் அதனாலேயே. இவ்விரு நிலைகளிலும் புதிய பாட்டரி வாங்குவது வீண் செலவென்பது வெளிப்படை.

சார்ஜ் ஏறாதபோது, ரெகுலேட்டருக்குச் செல்லும் பிளக்கை முதலில் கழற்றிப் பார்க்க. உள்ளிருக்கும் பித்தளைக் காதுகள் கருகியோ துருவேறியோ இருப்பது மிகவும் சாதாரணம். சேற்று வயலோரங்களில் ஓடும் வண்டிகளில் சேறு உலர்ந்து இப்பிளக்கினுள் புகுந்திருப்பதும் உண்டு. அது சுத்தமாக இருந்தால் மீட்டரை மாறுமின்சார வோல்ட் அளவில் வைத்து, காயிலிலிருந்து வரும் ஒயர்களில் பார்க்கவேண்டும். எஞ்சின் ஓட்டம் அதிகரிக்க அதிகரிக்க வோல்ட்டும் சீராக உயர்ந்தால் காயில் நல்லது. ஐயம் ரெகுலேட்டரின் மீது செல்லும். உயரவில்லையெனில் காயில் எரிந்துபோயிருக்கலாம். காயில் பூமியைத் தொடுகிறதா என்று பார்க்கும்போது மட்டும் ஒரு ஜாக்கிரதை தேவை. சில வண்டிகளில் காயிலின் ஒரு முனையைப் பூமியுடன் சேர்த்தே அமைத்திருப்பார்கள். இதையறியாமல் நல்ல காயிலைப் பழுதென்று கழற்றி எறிந்தவர்கள் உண்டு. ஆகவே வண்டியுடன் வந்த கையேட்டையோ, அம்மாதிரி வண்டியில் பழகிய மெக்கானிக்கையோ கேட்டுச் செய்வது நலம்.

கண்ணுக்குத் தெரியாத ஒழுக்கு

சார்ஜ் சரியாக ஏறியும் இரண்டு நாள் நின்றால் பாட்டரி இறங்கிவிடும் வண்டிகளில் நண்டு வளையைத் தேடவேண்டும். சாவியை அணைத்து, பாட்டரியின் கழித்தல் முனையிலுள்ள ஒயரைக் கழற்றி, அவ்வொயருக்கும் முனைக்கும் நடுவே மீட்டரை ஆம்பியர் அளவில் இணைத்துப் பார்க்க. முதலில் பெரிய அளவில் வைத்துப் பிறகு சிறிய அளவுக்கு இறங்கவேண்டும். மீட்டர் இணைந்திருக்கையில் ஸெல்ப் பொத்தானை அழுத்தினால் மீட்டரே எரிந்துபோகும். கடிகாரமோ வேறு மின்னணுக் கருவியோ இல்லாத வண்டியில் ஏறக்குறைய ஒன்றும் ஓடலாகாது. ஒரு ஆம்பியரில் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 20 மில்லி ஆம்பியர் ஒழுகினாலும் 2.5 ஆம்பியர் மணி பாட்டரி ஐந்து நாளில் வறண்டுவிடும். வண்டி வாங்கியபின் பொருத்திய கூடுதல் ஹாரன், வர்ண விளக்குகள், கைப்பேசிக்கு சார்ஜ் ஏற்றும் துளை முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பார்த்தால் எதைக் கழற்றும்போது ஒழுக்கு நிற்கிறதோ அதுவே கள்ளன்.

சாவி போட்டிருக்கும்போது மட்டும் நிகழும் ஒழுக்கை இம்முறையில் காணமுடியாது. எமக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் ஒன்றரை ஆண்டில் மூன்று பாட்டரிகள் வாங்கினார். காயிலும் மாற்றப்பட்டது. கடைசியில் ஒரு நாள் அந்திக் கருக்கலில் அவர் பின்னே சைக்கிளில் வந்த அவருடைய மகன், "அப்பா, நீங்கள் பிரேக் பிடிக்காமலே பின்விளக்கு எரிகிறதே" என்றான். பிரேக் மிதியின் அருகிலுள்ள ஸ்விட்சில் வயற்சேறு புகுந்து இறுகியதால் அது எப்பொழுதும் போட்டபடியே நின்றுவிட்டது. பகல் வெளிச்சத்தில் யார் கண்ணிலும் படவில்லை. வரப்பிலும் வண்டிப்பாதையிலும் மெதுவாகச் செல்லும் அவருடைய வண்டியில் மாக்னெட் தந்த மின்சாரத்தில் பெரும்பங்கு அவ்விளக்குக்கே போய்விட்டது. ஸ்விட்சைக் கழுவி எண்ணெயிட்டதோடு வியாதி நீங்கிற்று. மிதியின் மேல் எந்நேரமும் காலை அழுத்தி வைத்து ஓட்டும் பழக்கமுள்ளவர்களுக்கும் இதே பலன் கிட்டும். பிரேக் கட்டையும் தேயும்.

இன்னொரு வகை நஷ்டம் வண்டியில் கோளாறே இல்லாமல் ஏற்படுவது. வீட்டிலிருந்து வயலுக்கு அரை மைல், அங்கிருந்து கடைக்கு அரை மைல், ஒவ்வோரிடத்திலும் ஸெல்ப். ஸெல்ப் மோட்டார் 40 ஆம்பியர் வீதம் ஐந்து வினாடி இழுக்கிறதென்று வைத்துக்கொண்டால், பாட்டரிக்கு ஒரு ஆம்பியர் வீதம் திரும்ப ஏறுவதாயின் அதை நிரப்ப மூன்று நிமிஷத்திற்கு மேற்படும்; சேதாரத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். இரண்டு நிமிஷத்திற்கொரு முறை நிறுத்திக் கிளப்புகிறவருடைய பாட்டரி வரவுக்கு மீறிச் செலவு செய்யும் குடும்பத்தைப் போன்றது. குறுந்தூரப் பிரயாணங்களுக்குக் கிக்கரையே உபயோகிப்பது உத்தமம். 2017-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் செய்யப்பட்ட இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை முகப்பு விளக்கு தானே எரியும்படி சட்டம் செய்யப்பட்டிருப்பதால் இவற்றை ஸ்லோவில் நெடுநேரம் உறுமவிட்டு நிறுத்தி வைப்பதும் நல்லதன்று.

புதிய வண்டிகளில் வேறுபாடு

பழைய மாதிரிகள் பலவற்றில் பொறிக்கு வேண்டிய மின்சாரம் மாக்னெட்டின் தனிச் சுருளிலிருந்து வருவதால் பாட்டரி செத்திருந்தாலும் கிக்கரால் கிளம்பும். இதைக் கண்டு சிலர் பாட்டரியையே கழற்றி வைத்துவிட்டு ஓட்டுகிறார்கள். பாட்டரியின் தாங்குதல் இல்லாதபோது வோல்ட் ஏறி இறங்கி ரெகுலேட்டரையும் பல்புகளையும் எரிக்குமாதலால் இது தகாது. 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டருக்குப் பதிலாக மின்சாரப் பம்பினால் பெட்ரோலைத் தெளிப்பவை. பாட்டரி அடியோடு இறங்கினால் இவற்றைக் கிக்கரால் கிளப்புவதும் கடினமாகலாம். ஆகையால் இவற்றை வைத்திருப்போர் பாட்டரியின் அளவை மாதம் ஒருமுறையேனும் பார்த்து வருதல் வேண்டும்.

அவசரத்தில் டிராக்டர் பாட்டரியிலிருந்து ஒயர் கொடுத்துக் கிளப்புவதாயின் டிராக்டர் எஞ்சினை ஓடவிடலாகாது; இரண்டும் 12 வோல்ட் தானா என்பதையும், கூட்டலும் கழித்தலும் மாறாமலிருப்பதையும் உறுதி செய்துகொள்ளவேண்டும். டிராக்டர் பாட்டரிக்குரிய சார்ஜரில் சிறு பாட்டரியை வைப்பது கூடாது. பாட்டரியின் ஆம்பியர் மணி அளவில் பத்தில் ஒரு பங்கே ஏற்றவேண்டும் என்பது பொது விதி, 2.5 ஆம்பியர் மணிக்குக் கால் ஆம்பியர் வீதம் பத்து மணி நேரம் போல ஆகும். கழற்றும்போது கழித்தல் ஒயரை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் செய்தால் ஸ்பானர் சட்டத்தில் பட்டுத் தீப்பொறி பறக்காது.

அறுவடைக் காலத்திலோ ஊருக்குப் போகும்போதோ வண்டியை வாரக்கணக்கில் நிறுத்துவதாயின் பாட்டரியை நிறைய ஏற்றி, கழித்தல் ஒயரைக் கழற்றி வைக்கவேண்டும். இறங்கிய நிலையில் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் வெண்மையான உப்பு கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் முன்போல் மின்சாரத்தை வாங்காது.

இவ்வளவும் பார்த்த பின்னர் பாட்டரியே பழுதென்று தீர்மானமானால் புதியது வாங்கலாம். செய்த மாதமும் வருஷமும் பாட்டரியின் மேல் குறிக்கப்பட்டிருக்கும். நெடுநாள் கடையில் தங்கியதை வாங்கவேண்டாம். திராவகம் ஊற்றிப் புதிதாகத் தொடங்கும் மாதிரியானால் முதல் சார்ஜை முழுமையாக ஏற்றித் தரும்படி கேட்கவேண்டும். அரைகுறையாக ஏற்றிப் பூட்டிய பாட்டரி கடைசிவரை அரைப் பாட்டரியாகவே இருக்கும். உத்தரவாதச் சீட்டில் தேதியும் கடை முத்திரையும் இருப்பது அவசியம்.

பழைய பாட்டரியை வாங்கிய கடையிலேயே கொடுத்துவிட்டால் விலையில் ஒரு பகுதி கழித்துக்கொள்வார்கள். ஈயத்திற்காக அதை வீட்டிலேயே உடைத்து உருக்குவதும், திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவதும் மிகுந்த தீங்கு விளைவிப்பவை. ஈயப்புகையும் ஈயத்தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். மண்ணில் சேர்ந்த ஈயம் நெடுங்காலம் அங்கேயே தங்கும். 2022-ஆம் வருஷத்திய பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி உபயோகித்த பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறைப்படி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவற்றை உற்பத்தி செய்வோரையும் இறக்குமதி செய்வோரையும் சார்ந்ததாகும். குளத்தங்கரையிலோ குடியிருப்பின் நடுவிலோ பாட்டரி உடைத்து ஈயம் உருக்கும் கொட்டகை எதுவும் தோன்றினால், கிராம அதிகாரிகள் அதை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திற்குத் தாமதமின்றி எழுதித் தெரிவிக்கவேண்டும்.